மார்கழிக் குளிரில் ஆமைக்கு என்ன தீனி?

மார்கழி பிறந்து விட்டால் தேவாரத்தில் விடியற்காலைக் குளிர் பல்லைக் கிட்ட வைக்கும். ஏலமலைச் சரிவில் இருந்து இறங்கி வரும் காற்று அப்படி! ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறப் போகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக் கொண்டு டீக்கடை அடுப்பு ஓரமாக நிற்பார்கள்.

இந்த நாளில் மலை அடிவாரத்து வேலி ஓரம் ஓர் ஆமை கிடக்கிறது என்று வைத்துக் கொள்வோம்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் அதைப் பார்க்கிறான். வீட்டுக்குத் தூக்கி வருகிறான். அம்மா ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கொடுக்கிறாள். பாட்டி பால் ஊற்றுகிறாள். அண்ணன் சோறு வைக்கிறான். தங்கை வாழைப்பழத்தைப் பிய்த்துப் போடுகிறாள். ஆமை தலையை உள்ளே இழுத்துக் கொண்டு கிடக்கிறது.

இரண்டு நாள் கழித்துப் பழத்தைத் தின்று விடுகிறது. வீடே சந்தோஷப்படுகிறது.

ஆனால், அந்தப் பழமே அதன் உயிருக்கு ஆபத்து ஆகலாம்!

வெயிலே அடுப்பு

என்ன காரணம்?

மனிதனுக்கு உடம்புக்கு உள்ளேயே அடுப்பு எரிகிறது. வெளியே எவ்வளவு குளிர் அடித்தாலும் உள்ளே சூடு குறையாது. ஆமைக்கு அந்த அடுப்பு கிடையாது. வெயில் அடித்தால் அதன் உடம்பு சுடும். குளிர் அடித்தால் அதன் உடம்பும் குளிர்ந்து விடும். பாம்பு, பல்லி, ஓணான் எல்லாம் இந்த இனம்தான்.

உடம்பு குளிர்ந்தால் குடலும் வேலை செய்யாது. தின்றது செரிக்காமல் அப்படியே நிற்கும். பழத்தில் சர்க்கரை அதிகம். அது குடலுக்குள் கிடந்து புளிக்கும். வயிறு உப்பும். ஆமை கத்தாது, அழாது. நோய் வந்தது தெரியும்போது காலம் கடந்து இருக்கும்.

ஆகவே, குளிர்காலத்தில் ஆமைக்கு முதல் தீனி வெயில்! காலையில் வெயில் ஏறி, ஓடு சூடாகி, ஆமை தானாக நடக்கத் தொடங்கிய பிறகே இலை தழை வைக்க வேண்டும். சாயங்காலம் கொடுக்கவே கூடாது. இரவெல்லாம் அது செரிக்காமல் கிடக்கும்.

வெயிலில் இன்னொரு நன்மையும் உண்டு. வெயில் பட்டால்தான் ஆமையின் உடம்பில் 'டி' வைட்டமின் உண்டாகும். அது இருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது.

காட்டில் என்ன தின்கிறது?

தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் வாழ்வது நட்சத்திர ஆமை. கட்டாமை என்றும் சொல்வார்கள். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போலத் தெறித்து இருக்கும். இது பெரும்பாலும் புல் தின்னும் பிராணி. புல், செடி கொடி, உதிர்ந்த பூ, எப்போதாவது கீழே விழுந்த பழம். இவ்வளவுதான்.

நாரும் சுண்ணாம்புச் சத்தும் நிறைய வேண்டும். புரதம் குறைவாக இருக்க வேண்டும். இதுவே கணக்கு. மிருகக்காட்சி சாலைகளில் ஆமைகளைப் பராமரிப்பவர்கள் இந்தக் கணக்குப்படியே தீனி வைக்கிறார்கள். அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவை நல்ல தீனி. பசலைக்கீரை மனிதனுக்கு நல்லது. ஆமைக்கு அடிக்கடி ஆகாது. அதில் உள்ள ஒரு வகை அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும். பாலும் சோறும் ரொட்டியும் வேண்டவே வேண்டாம்.

எல்லா ஆமைக்கும் இதே தீனியா என்றால், அதுவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் திருவிதாங்கூர் ஆமை என்று ஒன்று உண்டு. இடுக்கிப் பக்கமும் ஆனைமலையிலும் இருக்கிறது. இதற்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்தது 1907ல். இது புல்லும் தின்னும், காளானும் தின்னும், வண்டு, மரவட்டையையும் விடாது! சைவமும் அசைவமும் கலந்த பேர்வழி. இரண்டு ஆமையையும் பிரித்து அறியத் தெரியாதவர் தீனி வைத்தால் என்ன ஆகும்?

குளிரில் தூங்கிய டிமதி

"ஆமைதான் குளிர்காலம் முழுவதும் தூங்குமே! அதற்கு ஏன் தீனி?" என்று சிலர் கேட்பது உண்டு.

தூங்கும் ஆமைகள் இருப்பது உண்மைதான். இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் இருந்தார். அவரிடம் டிமதி என்று ஓர் ஆமை. 1780ல் அத்தை இறந்த பிறகு அவரிடம் வந்து சேர்ந்தது. நவம்பரில் தோட்டத்து மண்ணைத் தோண்டி உள்ளே போகும். ஏப்ரலில்தான் வெளியே தலை காட்டும். இடையில் ஒரு வாய் தீனி கிடையாது. (டிமதி என்பது ஆண் பெயர். அது செத்த பிறகுதான் பெண் ஆமை என்று தெரிந்தது!)

டிமதி மத்தியதரைக் கடல் பக்கத்து இனம். கடுங்குளிரில் தூங்குவது அந்த இனத்தின் பழக்கம். நட்சத்திர ஆமைக்கு அந்த வழக்கம் இல்லை. குளிரில் சோம்பிக் கிடக்குமே தவிர, மாதக்கணக்கில் தூங்காது. "தூங்கட்டும்" என்று இருட்டறையில் போட்டு விட்டால் சளி பிடித்து, மூச்சுத் திணறிச் சாகும்.

கண் தெரியாத கிழவர்

சரியான தீனி ஆமைக்கு உயிர் கொடுக்கும் என்பதற்கு ஜோனதன் சாட்சி.

நெப்போலியன் சிறை இருந்து 1821ல் இறந்தாரே, அந்த செயின்ட் ஹெலினா தீவில் கவர்னர் மாளிகைத் தோட்டத்தில் வளர்ந்த ராட்சத ஆமை இது. 1882ல் தீவுக்கு வந்தபோதே முழு வளர்ச்சி பெற்று இருந்தது. ஆகவே 1832 வாக்கில் பிறந்து இருக்கும் என்று கணக்கிட்டார்கள். 2022ல், இதுவரை அறியப்பட்ட ஆமைகளில் மிக வயதானது இதுதான் என்று கின்னஸ் புத்தகம் ஏற்றுக் கொண்டது.

வயதான காலத்தில் ஜோனதனுக்குக் கண்ணில் புரை விழுந்து பார்வை போய்விட்டது. மோப்ப சக்தியும் போய்விட்டது. நல்ல புல் எது என்று தெரியாமல் மண்ணையும் சருகையும் கடித்தது. உடம்பு இளைத்தது. அலகு மழுங்கி உதிர்ந்தது. ஆமைக்குப் பல் கிடையாது. அலகு போனால் எல்லாம் போச்சு!

ஜோ ஹாலின்ஸ் என்ற கால்நடை டாக்டர் கைவைத்தியம் செய்தார். மருந்து அல்ல, கேரட், வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ், ஆப்பிள், கொய்யா! வாரம் ஒருமுறை தன் கையாலேயே ஊட்டினார். சத்து ஏறியது. அலகு மறுபடி கூர்மை ஆயிற்று.

பழம் ஆகாது என்று சொல்லி விட்டு, இதற்கு மட்டும் ஆப்பிளா? ஜோனதன் இனம் வேறு. உடம்பு மகா பெரியது. பட்டினியால் வாடிய கிழம். டாக்டரும் கூடவே இருந்தார். வீட்டுக் கூடையில் கிடக்கும் குட்டி ஆமை ஜோனதன் ஆகாது.

அமீனாவும் வருவார்!

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காது" என்பது பழமொழி. இதற்கு நேர்மாறாக, ஆமை இருந்தால் பணம் கொழிக்கும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த ஆசைக்காகக் குட்டி ஆமைகளைக் காட்டில் பொறுக்கி, பெட்டிக்குள் அடைத்து, விமானத்தில் கடத்துகிறார்கள்.

நட்சத்திர ஆமையையும் திருவிதாங்கூர் ஆமையையும் வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குச் சிறைத் தண்டனை விதிக்கிறது. பாசத்தோடு வளர்த்தேன் என்றாலும் சட்டம் கேட்காது. ஆமை புகுந்த வீட்டுக்குள் அமீனாவும் புகுவார்! 2019ல் ஜெனீவாவில் கூடிய உலக நாடுகள் நட்சத்திர ஆமையின் சர்வதேச வியாபாரத்துக்கும் தடை போட்டன.

பிடிபட்ட ஆமைகளைச் சும்மா காட்டில் விட்டு விட முடியாது. தப்பான தீனி தின்ற குட்டிகளுக்கு ஓடு கோணி இருக்கும். நோய் ஒட்டி இருக்கும். அது காட்டில் உள்ள ஆமைகளுக்கும் பரவும். தேவாரத்துக்கு மேலே மலை ஏறினால் இடுக்கி மாவட்டம். அதே மாவட்டத்தில், மறையூருக்கும் உடுமலைப்பேட்டைக்கும் நடுவே உள்ளது சின்னாறு சரணாலயம். மழை குறைந்த முள்காடு. கடத்தல்காரர்களிடம் இருந்து மீட்ட நட்சத்திர ஆமைகளுக்கு அங்கே கேரள வனத்துறை மறுவாழ்வு மையம் அமைத்தது. காட்டுத் தீனிக்குப் பழகிய பிறகே வெளியே விடுவார்கள். 2018 நவம்பரில் சிங்கப்பூரில் இருந்து 51 நட்சத்திர ஆமைகள் இந்தியாவுக்குத் திரும்பி வந்தன. அவற்றையும் கர்நாடகத்துக்குக் கொண்டு போய், காட்டு வாழ்க்கைக்குப் பழக்கினார்கள்.

பையன் என்ன செய்ய வேண்டும்?

வேலி ஓரத்தில் ஆமை நடந்து போனால், போகட்டும். அது வீட்டைத் தேடி வரவில்லை. புல்லைத் தேடிப் போகிறது. நடு ரோட்டில் இருந்தால், அது போய்க்கொண்டு இருந்த பக்கமாகவே ஓரத்தில் எடுத்து விடலாம்.

அடிபட்டு இருந்தாலோ, யாராவது வீட்டில் வைத்து இருந்தாலோ, வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வரும் வரை, காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் உலர்ந்த வைக்கோலைப் பரப்பி, காற்று அடிக்காத மூலையில் வைத்தால் போதும். ஒரு நாள் தின்னாவிட்டால் ஆமை செத்து விடாது. பாட்டியின் பால் கிண்ணத்தை மட்டும் தள்ளி வைத்து விடலாம்.