மாத்தே: பச்சை இலைக்கு விலை சொல்வது யார்?

கால்பந்து வீரர் மெஸ்ஸி பேருந்திலிருந்து இறங்கும் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பல படங்களில் அவர் கையில் ஒரு சிறு குடுவையும், கக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க்கும் இருக்கும். குடுவையில் இருப்பது மாத்தே. அர்ஜென்டினா, உருகுவே, பாரகுவே, தெற்கு பிரேசில் ஆகிய பகுதிகளின் அன்றாட பானம். யெர்பா மாத்தே என்ற மரத்தின் இலையைத் தீயில் வாட்டி, உலர்த்தி, நொறுக்கி எடுக்கும் தூளில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கிறார்கள். தேயிலைச் செடிக்கும் இந்த மரத்துக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனால், தேநீரில் உள்ள காஃபீன் இதிலும் உண்டு.

'மாத்தே' என்ற சொல்லுக்கு, அது பிறந்த கெச்சுவா மொழியில் குடுவை என்றுதான் பொருள். அந்தக் குடுவையும் நமக்குத் தெரிந்ததே. நம் வீட்டுக் கூரையில் படரும் அதே சுரை இனத்தின் காயை முற்றவிட்டு, காயவைத்து, குடைந்து எடுக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் தூளை நிரப்பி, அடியில் சல்லடை போன்ற துளைகள் உள்ள உலோகக் குழாயைச் செருகி உறிஞ்சுகிறார்கள். குழாயின் பெயர் 'பொம்பீஷா'. அதைப் பிடித்துக் கலக்குவது அங்கே பெரிய குற்றம்!

கூட்டத்தில் ஒருவர்தான் ஊற்றிக் கொடுப்பவர். கசப்பும் தூசியும் மிகுந்த முதல் குடுவையை அவரே குடித்துவிடுவார். பிறகு மீண்டும் நீர் ஊற்றி அடுத்தவரிடம் தருவார். வாங்கியவர் முழுவதையும் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அதே குடுவை, அதே குழாய், அடுத்த ஆள். 'நன்றி' என்று சொல்லிக் கொடுத்தால் 'எனக்குப் போதும்' என்று அர்த்தம். இது தெரியாத வெளியூர்க்காரர்கள் முதல் சுற்றிலேயே மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, அடுத்த சுற்று ஏன் தன்னைத் தாண்டிப் போகிறது என்று விழிப்பதுண்டு.

நீர் கொதிக்கக் கூடாது. 70 முதல் 80 டிகிரிதான் பக்குவம் என்பார்கள். ஆனால், 65 டிகிரிக்கு மேற்பட்ட எந்தச் சூடான பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் வகைப்படுத்தியது. குற்றம் சூட்டின் மேல்தானே தவிர, இலையின் மேல் அல்ல. பாரகுவேக்காரர்களுக்கு அந்தக் கவலை குறைவு. அவர்கள் மூலிகை இடித்துப் போட்ட குளிர்ந்த நீரில் குடிக்கும் 'தெரெரே'வை 2020-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது.

முளைக்க மறுத்த விதை

இந்த இலையின் சாற்றை முதலில் அறிந்தவர்கள் குவரானி பழங்குடியினர். ஸ்பானியர்கள் வந்த புதிதில் இதைத் தீய பழக்கம் என்று தடை செய்து பார்த்தனர். பிறகு அவர்களே அடிமையானார்கள். தேவை பெருகியதும், காட்டு மரங்களைத் தேடி வெகுதொலைவு போய் வெட்ட வேண்டியிருந்தது. இலைக்கட்டைச் சுமந்து வந்தவர்கள் குவரானிகள்.

தோட்டமாக வளர்க்கத் தடையாக இருந்தது விதை. ஓடு கடினம், பழம் பழுத்தாலும் உள்ளே கரு முதிர்ந்திருக்காது. விதைத்தால் பல மாதம் அப்படியே கிடக்கும். ஜெசூயிட் பாதிரிமார்கள் 17-ம் நூற்றாண்டில் அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்து, தங்கள் குடியிருப்புகளைச் சுற்றித் தோட்டம் போட்டனர். 1767-ல் ஸ்பெயின் மன்னர் அவர்களை வெளியேற்றியபோது அந்த அறிவும் கூடவே போய்விட்டது. எழுதி வைக்காத வேளாண் நுட்பத்தின் கதி அதுதான்.

பிரெஞ்சுத் தாவரவியலாளர் பொன்பிளான் அதை மீட்க முயன்றார். 'எங்கள் தொழிலுக்குப் போட்டியா?' என்று பாரகுவேயின் சர்வாதிகாரி பிரான்சியா 1821-ல் படையனுப்பி அவரைப் பிடித்துச் சென்று, ஏறத்தாழ பத்தாண்டுகள் நாட்டை விட்டு வெளியேற விடவில்லை. கடைசியில் 1890-களில்தான் வழி பிறந்தது. புவெனோஸ் அயர்ஸ் தாவரவியல் பூங்காவில் கார்லோஸ் தைஸ் விதையைச் சுடுநீரில் ஊறவைத்து முளைக்க வைத்தார்.

மிதமிஞ்சிய விளைச்சல்

அதன்பின் அர்ஜென்டினாவின் வடகிழக்கு மூலையில் உள்ள மிசியோனெஸ் மாகாணத்தின் செம்மண் முழுக்க மாத்தே ஆனது. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களுக்கு நிலம் கொடுக்கும்போதே, அதில் ஒரு பங்கில் மாத்தே நட வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டது. சொன்னபடி நட்டார்கள். 1930-களில் இலை குவிந்தது, விலை விழுந்தது. 1936 மார்ச்சில் ஓபெரா என்ற ஊரில் ஊர்வலம் வந்த சிறு விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின.

நடவுப் பரப்பையும் விலையையும் கட்டுப்படுத்த அப்போது ஓர் ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. 1991-ல் தாராளமயத்தின் பெயரால் அது கலைக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில் பச்சை இலை விலை, வெட்டுக்கூலிக்கும் காணாத நிலைக்கு வந்தது. 2001-ல் விவசாயிகள் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு மாகாணத் தலைநகர் பொசாதாசுக்குள் நுழைந்து, அரசு மாளிகைக்கு எதிரே வாரக்கணக்கில் முகாமிட்டனர். அதன் பலனாக 2002-ல் தேசிய யெர்பா மாத்தே நிறுவனம் சட்டப்படி உருவானது. விவசாயி, கூலித் தொழிலாளி, உலர்த்துபவர், ஆலைக்காரர், அரசு என எல்லாத் தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஆண்டுக்கு இருமுறை பச்சை இலைக்கு விலை வைத்தார்கள். உடன்பாடு வராவிட்டால் மத்திய வேளாண் துறை முடிவு செய்யும்.

இந்தப் பயிருக்கு அப்படியொரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? வெட்டிய இலையை 24 மணி நேரத்துக்குள் தீயில் வாட்டியாக வேண்டும், தவறினால் கறுத்துவிடும். வெட்டிய பிறகு விவசாயிக்குப் பேரம் பேச நேரமில்லை. ஆலைக்காரரிடமோ நேரம் நிறையவே இருக்கிறது. உலர்ந்த இலை கிடங்கில் ஓராண்டு, இரண்டாண்டு கிடந்தால்தான் சுவையே கூடும்! ஒரு கிலோ உலர்ந்த இலைக்கு ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை இலை பிடிக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் அதிபர் மிலேய் பிறப்பித்த அவசர ஆணை, அந்த நிறுவனத்தின் விலை வைக்கும் அதிகாரத்தைப் பறித்தது. சந்தையே விலை சொல்லட்டும் என்பது அவர் வாதம். அடுத்த பருவங்களில் மிசியோனெஸ் விவசாயிகள் அறுவடையை நிறுத்தி, சாலையோரங்களில் கூடினார்கள்.

இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாதவர் 'தரெஃபெரோ' எனப்படும் வெட்டுத் தொழிலாளி. நூறு ஆண்டுக்கு முன் இவர்கள் 'மென்சு' எனப்பட்டார்கள். பெயருக்கு மாதச் சம்பளக்காரர். உண்மையில் முன்பணமும் கம்பெனிக் கடைக் கடனும் சேர்ந்து கட்டிப்போட்ட கொத்தடிமை. இன்று கூலி எடைக்கணக்கில். வெட்டிய கிளைகளைச் சாக்குத்துணியில் குவித்து, நூறு கிலோ அளவுக்கு மூட்டையாகக் கட்டித் தூக்க வேண்டும். இலை விலை விழுந்தால் முதலில் குறைவது இந்தக் கூலிதான்.

பிரேசிலின் பரனா மாநிலத்தில் அரௌகாரியா காட்டு நிழலிலேயே மாத்தே வளர்க்கும் பழைய முறை தொடர்கிறது. உலக வேளாண் பாரம்பரியமாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2025-ல் அதை ஏற்றுக்கொண்டது. வெட்டவெளித் தோட்டங்களால் மண் களைத்துப்போன மிசியோனெசிலும் இடையிடையே நாட்டு மரங்களை நடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஏப்ரல் வாக்கில் அங்கே பெரிய அறுவடை தொடங்கும். விலை பிடிக்காவிட்டால் இலையை மரத்திலேயே விட்டு, அடுத்த ஆண்டு வெட்டலாம், மரம் தாங்கும். கடன் இல்லாதவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். தவணை கட்ட வேண்டியவர்கள் ஆலை சொல்லும் தொகைக்கு லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள்.