அறுவைக்குப் பின் ‘ஓய்வு’: விழுப்புரம் வட்டாரத்தில் இயன்முறை மருத்துவமும் அதன் மொழியும்

திறவுச்சொற்கள்: இயன்முறை மருத்துவம், மறுவாழ்வு, தசைநாண் மாற்று, கலைச்சொல், விழுப்புரம், திண்டிவனம்.

முன்னுரை

தொடையெலும்பு முறிவுக்கோ முழங்கால் மூட்டு மாற்றத்திற்கோ அறுவை சிகிச்சை பெற்ற ஒருவர் மீண்டும் நடப்பது, அடுத்து வரும் சில வாரங்களில் அவர் செய்யும் பயிற்சியைப் பெரிதும் சார்ந்துள்ளது. அவ்வாரங்களின் பெரும்பகுதி வீட்டிலேயே கழிகிறது. வீட்டிலோ ‘ஓய்வு’ என்னும் சொல்லே ஆட்சி செய்கிறது. இச்சொல்லை மருத்துவர் ஒரு பொருளிலும் குடும்பத்தார் வேறொரு பொருளிலும் கொள்வதால் நேரும் இழப்பை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சூழலில் வைத்து விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

வேலூர் முன்னோடி

அறுவையையும் பயிற்சியையும் ஒரே சிகிச்சையின் இரு பகுதிகளாகக் கருதியதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சீராக்கும் தசைநாண் மாற்று அறுவையை 1948 முதல் மேற்கொண்டார். செயலிழந்த தசைக்கு மாற்றாக, நன்கு இயங்கும் வேறொரு தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்துவது இம்முறை. நாண் ஒட்டும்வரை கை மாவுக்கட்டில் இருக்கும். கட்டைப் பிரித்தபின்னரே கடினமான பணி தொடங்குகிறது. முன்பு விரலின் நடுக்கணுவை மடக்கிய தசை, இப்போது அதே கணுவை நிமிர்த்தக் கற்க வேண்டும். அதைக் கற்பிப்பவர் இயன்முறை மருத்துவர். அவர் இல்லையேல் அறுவை வீண். அதே கல்லூரியின் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த சாலை விபத்தால் கால்கள் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தே கை அறுவைகளைச் செய்தார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் அமையக் காரணமானவரும் அவரே.

பிராண்டின் நோயாளிகளில் பலர் நவஜீவ நிலையத்தில் தங்கிக் கைகளைப் பழக்கினர். இன்று எலும்பு அறுவை பெறுபவர்க்கு அவ்வாய்ப்பு அரிது.

வீடும் சொல்லும்

விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010-இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கப்பட்டது. திண்டிவனத்திலிருந்து சுமார் 30 கி.மீ. நெடுஞ்சாலைப் பயணம்தான். ஆனால் உட்புறச் சிற்றூரிலிருந்து வாக்கருடன் கிளம்பும் முதியவருக்கு முழுநாள் ஆகும்; உடன் செல்பவருக்கு ஒரு நாள் கூலி போகும். எனவே பயிற்சிக்கு மீண்டும் வருவோர் குறைவதில் வியப்பில்லை.

திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊரில் என் ஆயாவுக்குத் தொடையெலும்பில் அறுவை நடந்தபோது, “அசையாத ஆயா, ரெஸ்ட் எடு” என்று வந்தவர் எல்லாரும் சொன்னார்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தவன் நான்தான். இதமாக இருக்கும் அத்தலையணை, முழங்காலை மடங்கிய நிலையிலேயே இறுகச் செய்யும் என்பது அப்போது தெரியாது. விடுவிப்புச் சீட்டில் நடைப்பயிற்சி பற்றித் தெளிவாகவே எழுதியிருந்தது, ஆங்கிலத்தில். அதை நான் பொறுமையாகப் படித்தது பல மாதங்கள் கழித்து.

அசையாதிருத்தல் முதியோருக்குத் தீங்கானது. காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப்புண் வரும், தொடைத்தசை விரைந்து மெலியும். கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், முழங்காலை நீட்டியவாறே தொடைத்தசையை இறுக்கி விடுதல் ஆகியவற்றைப் படுக்கையிலேயே செய்யலாம். படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது அறுவை நடந்த காலும் முதலில் செல்ல வேண்டும். கைத்தடி எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும்.

இவ்விடத்தில் வீட்டின் அமைப்பையும் கருத வேண்டும். சமதளத்தில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 65 பாகை மடங்கினால் போதும். நாற்காலியில் அமர 90 பாகை வேண்டும். குந்துவதற்கோ 130 பாகைக்கும் மேல் தேவை. தரையில் அமர்ந்து உண்டு, குந்தும் கழிப்பறையைப் பயன்படுத்தும் ஒருவரிடம் “90 வந்துவிட்டது, நல்ல முன்னேற்றம்” என்றால் அவருக்கு அது முன்னேற்றமாகத் தோன்றாது. பின்பக்கம் வழியே இடுப்பு மூட்டு மாற்றப்பட்டவரோ தொடக்க வாரங்களில் குந்தவே கூடாது, மூட்டு விலகக்கூடும். ஒருவருக்கு மடக்கச் சொல்வதும் மற்றவருக்கு மடக்காதே என்பதும் ஏன் என்பதை விளக்காமல் ‘பார்த்து நடந்துகொள்ளுங்கள்’ என்று அனுப்புவது பயனற்றது.

கலைச்சொல்லும் உதவவில்லை. ‘இயன்முறை’ செம்மையான ஆக்கம். ஆயினும் சிற்றூர் முதியோர் அதை அறியார். ‘பிசியோ’ என்பர், அல்லது மின்தூண்டல் கருவியை நினைத்துக் ‘கரண்டு வைக்கிறது’ என்பர். பின்னது சிக்கலானது. சிகிச்சையைக் கருவி செய்கிறது, நோயாளி படுத்திருந்தால் போதும் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே உள்ளது.

இல்லம் நாடிய பயிற்சி

2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறை சிகிச்சையையும் வீட்டிற்கே கொண்டுசெல்கிறது. திட்ட அமைப்பின்படி வட்டாரத்திற்கு ஓர் இயன்முறை மருத்துவர். விழுப்புரம் மாவட்டத்தில் 13 வட்டாரங்கள். ஒருவர் ஒரு வட்டாரத்தின் எல்லா வீடுகளுக்கும் நாள்தோறும் செல்ல இயலாது. இரு வருகைகளுக்கு இடைப்பட்ட நாள்களில் பயிற்றுநர் மகளோ மருமகளோ பேரனோதான். அவர்களுக்கெனத் தமிழில், ‘ஓய்வு’ என்பதை விலக்கி, ‘காலை பத்து முறை, மாலை பத்து முறை, கணுக்காலை அசைக்கவும், முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம்’ என்னும் அளவில் எழுதப்பட்ட ஒரு பக்கத் தாளை விடுவிப்புச் சீட்டுடன் இணைக்கலாம். அதனைத் தமிழ்த் துறையினரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து எழுதுவது நன்று.