பனைக்கோடை மறையலாமா?

தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டிலும், இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களிலும் அறுபது வயதைக் கடந்த விவசாயிகளிடம் சிறுவயதுக் கோடையைப் பற்றிக் கேட்டால், முதலில் அவர்கள் வாயில் வருவது பதநீர்தான். வெயில், வறட்சி, பள்ளி விடுமுறை எல்லாம் அதற்குப் பின்னர்தான். திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி, வேம்பார், சாயல்குடி வட்டாரங்களில் மாசி முதல் ஆனி வரை ஊரே பனையை நம்பி இருந்தது.

விடிந்ததும் பனை ஏறியவர் இறங்கி வரும் நேரம் பார்த்து, சிறுவர்கள் மரத்தடியில் காத்திருப்பார்கள். பச்சைக் குருத்தோலையை மடித்துக் கட்டிய பட்டையில் பதநீரை வடித்து ஊற்றுவார்கள். அதில் இளநுங்கைத் தோண்டிப் போட்டுக் குடிப்பதுண்டு. மாங்காய்க் கீற்றுகளைச் சேர்ப்பதும் உண்டு. சுண்ணாம்பின் மெல்லிய காரமும் பச்சை ஓலையின் மணமும் சேர்ந்த அந்தச் சுவையைக் கண்ணாடிக் குவளை தருவதில்லை. நுங்கு தின்ற பிறகு வெறுங்காய்கள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளினால் அதுவே வண்டி.

முற்பகலில் விடிலி எனப்படும் ஓலைக்குடிசையில் அடுப்பு எரியும். உடைமுள் விறகின் புகையும், கொதிக்கும் பதநீரின் வாசமும் தெருக்கோடிவரை வரும். நேரம் ஆக ஆகப் பதநீர் பொன்னிறமாகி, பிறகு சிவந்து, கூப்பனியாக இறுகும். அதைச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. தாச்சியின் ஓரத்தில் ஒட்டியதைச் சுரண்டித் தின்பது பிள்ளைகளின் பங்கு.

ஆண்டு முழுவதும் உணவு

பனையின் விருந்து கோடையோடு முடிவதில்லை. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். சுட்ட பழத்தின் மணம் பக்கத்து வீட்டையும் அழைத்துவிடும். பழம் தின்ற பிறகு கொட்டைகளைச் சேர்த்து மணற்பாத்தியில் புதைப்பார்கள். கார்த்திகையில் பச்சரிசி மாவும் கருப்பட்டியும் கலந்து குருத்தோலையில் பொதிந்து அவித்த ஓலைக்கொழுக்கட்டை. தைப் பொங்கலுக்குப் பனங்கிழங்கு. கிழங்கு பிடுங்கிய கொட்டையை அருவாளால் வெட்டினால் உள்ளே வெள்ளையாகத் தவுண். பூப்பெய்திய பெண்ணுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி. மழைக்காலச் சளிக்குச் சுக்குக் கருப்பட்டி. மானாவாரி நிலத்தில் மழை பொய்த்த ஆண்டிலும் இவற்றுக்குக் குறைவு வந்ததில்லை. தண்ணீர் பாய்ச்சாமல், உரமிடாமல் வரப்பில் நின்ற மரம் கொடுத்த உணவு இது.

எதனால் குறைந்தது?

1978ஆம் ஆண்டு பனை தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் மரங்கள் செங்கல் சூளைகளுக்கு விறகாகச் சென்றன. நிலத்தைச் சமன் செய்து வரப்புகளை அகற்றியபோது, வரப்பில் நின்ற பனைகளும் அகற்றப்பட்டன. மனையிடங்களாக மாறிய நிலங்களில் முதலில் வெட்டுப்பட்டதும் பனைதான்.

நிற்கும் மரங்களிலும் பாளை சீவ ஆள் இல்லை. ஒரு பனையில் நாள்தோறும் காலையும் மாலையும் ஏற வேண்டும். முப்பது, நாற்பது மரம் ஏறும் ஒருவருக்கு அது எவ்வளவு கடுமையான உழைப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. தவறினால் உயிருக்கே ஆபத்து. இத்தனைக்கும் சேர்த்து, சீனி கலந்த மலிவுக் கருப்பட்டி சந்தையில் விலையைக் கெடுத்தது. தொழிலாளர் தம் மக்களை வேறு வேலைக்கு அனுப்பியதில் வியப்பில்லை. நல்ல கருப்பட்டிக்கு நல்ல விலை கிடைக்காத வரை, பனை ஏறும் தொழிலை வாழ்த்தி மட்டும் பயனில்லை.

தரமான கருப்பட்டிக்கு

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. தரத்தைக் காப்பாற்றினால்தான் அந்தப் பெயர் விவசாயிக்குப் பணமாக மாறும். கலயத்தை நன்றாகக் கழுவி, காயவைத்து, உட்புறம் சுண்ணாம்பை மெல்லிதாகப் பூச வேண்டும். சுண்ணாம்பு இல்லாவிடில் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை உள்ளது. சுண்ணாம்பு அளவுக்கு மிஞ்சினால் நிறமும் சுவையும் கெடும்.

இறக்கிய பதநீரைத் துணியில் வடிகட்டி அன்றே காய்ச்ச வேண்டும். பாகு பொங்கி வழியாமல் இருக்க, நசுக்கிய ஆமணக்கு விதை சிறிது போடுவது பழைய வழக்கம். ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பார்த்து, அது கரையாமல் உருண்டு இறுகினால் பதம் வந்துவிட்டது என்று அறியலாம். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதநீர் தேவைப்படும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்தே விலை பேச வேண்டும். கருப்பட்டி ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. முன்னோர் அதை ஓலைப்பெட்டியில் வைத்து, அடுப்புக்கு மேலுள்ள பரணில் சேமித்ததன் காரணம் இதுவே.

ஒரு பாளையிலிருந்து பதநீரும் நுங்கும் சேர்ந்து கிடைக்காது. பாளையைச் சீவினால் காய் இல்லை. ஆகவே சில பெண்பனைகளை நுங்குக்கும் விதைக்கும் ஒதுக்கிவிட்டு, ஆண்பனைகளையும் மீதமுள்ள பெண்பனைகளையும் பதநீருக்குப் பயன்படுத்தலாம்.

பனை விதைப்பு

நன்றாகப் பதநீர் சுரக்கும் பனைகள் நிற்கும் தோப்பில், திரட்சியாகக் காய்க்கும் பெண்பனையிலிருந்து தானாக உதிர்ந்த பழங்களைச் சேகரிக்க வேண்டும். இரண்டு, மூன்று வாரங்கள் நிழலில் குவித்து வைத்தபின் சதையை நீக்கிக் கொட்டைகளைப் பிரிக்கலாம். ஆவணி, புரட்டாசியில் மழை ஈரத்தைப் பயன்படுத்தி, வரப்பு ஓரத்திலும் ஏரிக்கரையிலும் பத்து அடிக்கு ஒன்றாக ஊன்றுவது நல்லது.

பனை முளை மேலே வருவதற்கு முன் கீழ்நோக்கி ஆழமாக இறங்கும். ஆகவே குழியின் அடி மண்ணை நன்கு இளக்கிவிட வேண்டும். நாற்றைப் பிடுங்கி நடுவது கடினம். கொட்டையை நேரடியாக ஊன்றுவதே சிறந்தது. முதல் ஓலை தலைகாட்டப் பல மாதங்கள் ஆகும். முளைக்கவில்லை என்று எண்ணி அந்த இடத்தை உழுதுவிடக் கூடாது. குச்சி நட்டு அடையாளம் வைத்து, ஆடு மாடு மேயாமல் இரண்டு ஆண்டுகள் காத்தால் போதும்.

2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் முழு மானியத்தில் வழங்கப்படும் என்றும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்றும் அறிவிக்கப்பட்டது. ஆனால் விதைக்காக யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆவணியில் ஊர்ப் பனையடியில் விழுந்து கிடப்பவற்றைப் பொறுக்கினாலே போதுமானது.

இருக்கும் மரமே முதல்

பனை பலன் தரப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகும். ஆணா பெண்ணா என்பதும் பாளை விட்ட பிறகே தெரியும். இவ்வாண்டு ஊன்றும் கொட்டை, இப்போது ஐந்து வயதாகும் பிள்ளைக்கு அதன் சிறுவயதில் நுங்கு தராது. அந்தப் பிள்ளையின் மக்களுக்குத்தான் தரும். இன்றைய குழந்தைகளுக்குப் பட்டையில் பதநீர் கிடைக்க வேண்டுமானால், வரப்பில் ஏற்கனவே நிற்கும் மரம் நிற்க வேண்டும். அதில் ஏறுபவருக்குக் கட்டுப்படியாகும் கூலியும் கிடைக்க வேண்டும்.

எனவே, விறகு வியாபாரி சொல்லும் ஒருநாள் விலைக்குப் பனையைக் கொடுத்துவிட வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கு மேலும் நிற்கக்கூடிய மரம் அது. ஊரில் பனை ஏறத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலும், பத்து விவசாயிகள் சேர்ந்து தங்கள் மரங்களை அவரிடம் பருவத்துக்கு ஒப்படைக்கலாம். பதநீரில் பங்கும், வீட்டுக்கு வேண்டிய கருப்பட்டியும் வந்து சேரும். ஆவணி பிறந்ததும் ஒவ்வொரு வீட்டினரும் பிள்ளைகளைக் கூட்டிச் சென்று, பத்துக் கொட்டைகளையாவது வரப்பில் ஊன்றச் செய்வது நல்லது.