சிபாரிசு இல்லாத வீட்டிலிருந்து வேலைக்கு

வீட்டின் முதல் பட்டதாரிக்கு வேலைச் சந்தையின் நெளிவுசுளிவுகளைச் சொல்லித்தர யாரும் இருப்பதில்லை. அந்தக் குறையை எப்படி ஈடுகட்டுவது?

“உங்க குடும்பத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க.”

நேர்காணலில் ஹெச்.ஆர். அதிகாரி சர்வசாதாரணமாகக் கேட்கும் கேள்வி இது. அப்பா வங்கி அதிகாரி, அக்கா பெங்களூரில் மென்பொறியாளர் என்று சொல்லப்போகும் பையனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார் என்று சொல்ல வேண்டிய பெண்ணோ, எதைச் சொல்வது, எதை விடுவது என்று அந்த நொடியில் தடுமாறிப்போகிறார். சமூகவியலாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007இல் எழுதிய ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் துருவிப் பார்த்தது. தகுதியைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று சொன்ன மேலாளர்களே, குடும்பப் பின்னணியையும் தகுதியில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டு சுக்தேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் இன்னொரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஏறக்குறைய ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியத்தோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

இதையெல்லாம் மறைத்துவிட்டு, ‘தன்னம்பிக்கை இருந்தால் போதும்’ என்று கல்லூரி மேடையில் முழங்குவது மாணவர்களுக்குச் செய்யும் நன்மை அல்ல. தடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் சுற்றிப் போகும் வழியும் தெரியும். வேலை தேடுவது தனியாக ஒரு கலை. எப்போது விண்ணப்பிப்பது, யாரைக் கேட்பது, சம்பளப் பேச்சை எப்படி எடுப்பது என்பதெல்லாம் படித்த வீடுகளில் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். முதல் பட்டதாரி இதையும் ஒரு பாடமாக எடுத்து, இறுதியாண்டு தொடங்கும் முன்பே படித்தாக வேண்டும்.

பயோடேட்டாவில் என்ன வேண்டாம்

முதல் பிழை பெரும்பாலும் பிரவுசிங் சென்டரில் நடக்கிறது. கடைக்காரர் கணினியில் எப்போதோ சேமித்துவைத்த மாதிரியில் பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் மாற்றி அச்சடித்துத் தருகிறார். தந்தை பெயர், மதம், சாதிப் பிரிவு, திருமண நிலை என்று எல்லாம் அதில் இருக்கும். தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் பயோடேட்டாவில் இவை எதுவுமே தேவையில்லை. அரசுத் தேர்வு விண்ணப்பத்தில் இட ஒதுக்கீட்டுப் பிரிவைத் தவறாமல் குறிப்பிட வேண்டும், அது உங்கள் உரிமை. தனியார் விண்ணப்பத்தில் அதே தகவலைத் தரும்படி யாரும் கேட்கவில்லை.

எடுத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? ‘எனக்கு அனுபவம் ஒன்றுமில்லை’ என்று சொல்லும் மாணவர்களில் பலர் பள்ளிக் காலத்திலிருந்தே உழைப்பவர்கள். தீபாவளி சீசனில் துணிக்கடையில் நின்றிருப்பார்கள், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறியிருப்பார்கள், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்திருப்பார்கள். கௌரவக் குறைச்சல் என்று நினைத்து அதை எழுதாமல் விடுகிறார்கள். எழுதுங்கள், விவரமாக எழுதுங்கள். ‘துணிக்கடையில் வேலை’ என்று நிறுத்தாமல், எந்தப் பிரிவில் இருந்தீர்கள், ஒரு நாளில் ஏறத்தாழ எத்தனை வாடிக்கையாளர்களைக் கவனித்தீர்கள், பில் போடும் மென்பொருளைக் கையாண்டீர்களா, இருப்பைச் சரிபார்த்தீர்களா என்று சொன்னால், விற்பனை அல்லது வாடிக்கையாளர் சேவைப் பணிக்கு ஆள் எடுப்பவருக்கு அது நேரடியான தகுதி. படித்துக்கொண்டே வாரக் கடைசியில் சம்பாதித்த மாணவரின் 65 சதவீத மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு என்பதும் ஆள் எடுப்பவருக்கு அப்போதுதான் புரியும்.

பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு எல்லாவற்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இதை எட்டாம் செமஸ்டரில் தெரிந்துகொண்டு பயனில்லை. பள்ளி மதிப்பெண் இந்த எல்லைக்குக் கீழே இருந்தால், அந்த விதி இல்லாத இடங்களை முதல் ஆண்டிலேயே குறித்துவைக்கத் தொடங்கலாம். நடுத்தர நிறுவனங்கள், உற்பத்தித் தொழிற்சாலைகள், கணக்குத் தணிக்கை அலுவலகங்கள், தேர்வு வைத்து ஆளெடுக்கும் ஸ்டார்ட்-அப்கள் அப்படிப்பட்ட இடங்கள்.

தூரத்து அறிமுகத்தின் பலம்

வேலைத் தகவல் யார் வழியாக வருகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் ஆராய்ந்தார். அவருடைய 1973ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அறிமுகம் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் சொன்னவர் நெருங்கிய நண்பர் அல்ல, எப்போதாவது பார்த்துக்கொள்ளும் ஒருவர். காரணம் எளிது. நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். ஒரே விடுதி அறையில் இருக்கும் நால்வரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில், ஒரே அறிவிப்பைத்தான் மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள்.

ஆகவே ‘எனக்குச் சிபாரிசு செய்ய யாரும் இல்லை’ என்பவர்கள் தேட வேண்டியது செல்வாக்கான மாமாவை அல்ல, ஓரளவு தெரிந்த இருபது பேரை. கல்லூரியின் முன்னாள் மாணவர்கள் இதற்கு முதல் வாசல். துறைத் தலைவரிடம் கேட்டால் கடந்த ஐந்து ஆண்டுகளில் படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்வார். லிங்க்ட்இன் தளத்தில் கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடினாலும் பட்டியல் வரும். பகுதிநேர வேலை கொடுத்த முதலாளி, என்.எஸ்.எஸ். முகாமில் சந்தித்த அதிகாரி, புராஜெக்ட் செய்த இடத்து மேற்பார்வையாளர் எல்லாரும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

கேட்கும் முறையில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் ‘அண்ணா, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க’ என்று அனுப்பினால், நல்ல மனசுள்ளவர்கூட என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘அண்ணா, நான் நம்ம கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு. நீங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருப்பதாக எங்கள் சார் சொன்னார். உங்கள் வேலைக்கு டேலி மட்டும் போதுமா, எக்செல் எந்த அளவுக்குத் தெரிய வேண்டும்? இந்த வாரம் பத்து நிமிடம் போனில் பேச முடியுமா?’ வேலை கேட்டால் தயங்குபவர்கள் தகவல் கேட்டால் தாராளமாகப் பேசுவார்கள். இப்படிக் கேட்டவரின் பெயர், காலியிடம் வரும்போது அவர்களுக்கு நினைவுக்கு வரும். பல நிறுவனங்களில் ஊழியர் பரிந்துரைக்கும் ஆளை எடுத்தால் அந்த ஊழியருக்குப் போனஸ் உண்டு. ஆகவே ரெஃபரல் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆங்கிலம் எந்த அளவுக்கு?

தமிழ்வழியில் படித்தவர்களை ஆங்கிலம்தான் அதிகம் மிரட்டுகிறது. நேர்காணலில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் பத்துப் பன்னிரண்டுதான். உன்னைப் பற்றிச் சொல், புராஜெக்டில் உன் பங்கு என்ன, ஏன் இந்த வேலை, ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தாய் என்பவை அவை. இவற்றுக்குச் சொந்த வாழ்க்கையிலிருந்து பதில் தயாரித்து, போனில் பதிவுசெய்து, கேட்டுக் கேட்டுத் திருத்தினால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். யாரோ எழுதிய பதிலை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அடுத்த துணைக் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்பதில் தவறில்லை. புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வேறெதையோ சொல்வதுதான் தவறு.

தமிழே தகுதியாகும் இடங்களும் இருக்கின்றன. பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் பணிக்கு அந்தந்த மாநில மொழி தெரிந்திருப்பது கட்டாயம். மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடக்கிறது. தமிழக அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். இதற்கான சான்றிதழைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் வாங்க வேண்டியிருப்பதால், தேர்வு அறிவிப்பு வந்த பிறகு அலையாமல் முன்னதாகவே வாங்கிவைப்பது நல்லது.

பணம் கட்டாமல் கிடைக்கும் உதவி

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தின் படிப்புகளை கிரெடிட்டுக்காக ஒப்பேற்றிவிட்டு மறப்பவர்களே அதிகம். அதில் கற்ற ஒன்றைக் கொண்டு சிறியதாக ஏதாவது செய்து காட்டினால்தான் அது நேர்காணலில் பேசும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் என்றாலே பதிவுசெய்துவிட்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அங்கே செயல்படும் தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களையும் அவர்களே நடத்துகிறார்கள். பட்டியலின, பழங்குடி இளைஞர்களுக்குத் தாட்கோ திறன் பயிற்சி தருகிறது.

கலை, அறிவியல் பட்டதாரிகள் அதிகம் கண்டுகொள்ளாத வழி அப்ரென்டிஸ் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் நடக்கும் இந்த ஓராண்டுப் பயிற்சி பொறியியல் படித்தவர்களுக்கு மட்டுமானது அல்ல. தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது, பதிவு இணையத்திலேயே நடக்கிறது. உதவித்தொகை பெரிதாக இருக்காது, நிரந்தர வேலைக்கும் உத்தரவாதம் இல்லை. ஆனால் ‘ஓர் ஆண்டு அனுபவம் வேண்டும்’ என்று கதவை அடைக்கும் விளம்பரங்களுக்கு அது ஒரு பதில்.

அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசி ஒரு கால எல்லை வைத்துக்கொள்வது நல்லது. ஒரு குரூப் தேர்விலிருந்து அடுத்ததற்கு என்று காத்திருந்தே நான்கைந்து வருடங்கள் போனபின் தனியார் துறைக்குப் போனால், அந்த இடைவெளிக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பகுதிநேர வேலையோடு படிப்பது சிரமம்தான். ஆனால் கையில் ஒரு வழி மிச்சம் இருக்கும்.

சட்டம் தரும் பிடிமானம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசுப் பணிகளில் 4 சதவீத ஒதுக்கீடு தருகிறது. தனியார் நிறுவனங்களுக்கும் அதில் கடமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை அறிவிக்க வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகள், செய்து தரும் வசதிகள், தேர்வு முறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். நேர்காணலுக்கு முன்பே அந்த ஆவணத்தைக் கேட்டுப் பார்க்கலாம். சாய்தளம் இருக்கிறதா, திரைவாசிப்பு மென்பொருளில் தேர்வு எழுத முடியுமா என்று மின்னஞ்சலில் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

திருநர் மாணவர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. அதற்கு முன்பே திருநங்கை பிரித்திகா யாஷினி, தன் விண்ணப்பத்தை மறுத்த தேர்வு முறையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். 2015இல் சாதகமான தீர்ப்பு பெற்று, 2017இல் தருமபுரியில் காவல் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். சான்றிதழ்களில் பெயரும் பாலினமும் வெவ்வேறாக இருந்தால், அதைச் சரிசெய்யும் வேலையை விண்ணப்பக் காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். அந்தக் காகித வேலைக்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

ஆஃபர் லெட்டர் வந்த பிறகு

அவசரத்தில் இருப்பவரைத்தான் ஏமாற்றுக்காரன் தேடி வருவான். வேலைக்காகப் பணம் கட்டச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடத்திலும், படிக்க நேரம் தராமல் பாண்டில் கையெழுத்துக் கேட்கும் இடத்திலும் எச்சரிக்கை தேவை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியது சமீப ஆண்டுகளில் நடந்ததுதான். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்பவரை நம்பக் கூடாது. வெளிநாட்டு ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். இணைய மோசடியில் பணம் பறிபோனால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும்.

உண்மையான வேலை கிடைத்தாலும், முதல் சம்பளம் வரும்வரை சென்னையிலோ கோவையிலோ தங்கிச் சாப்பிடக் கையில் காசு வேண்டும். இதற்கு வழியில்லாமல் நல்ல வேலையை விட்டவர்கள் உண்டு. சேரும் தேதியைச் சில நாட்கள் தள்ளிக் கேட்பது, நிறுவனம் தங்குமிடம் அல்லது முன்பணம் தருமா என்று விசாரிப்பது எல்லாம் சாதாரண நடைமுறைதான். பெண்களுக்கு அரசின் ‘தோழி’ விடுதிகள் பல ஊர்களில் இருக்கின்றன. மகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு, விடுதியின் முகவரியும் வார்டனின் எண்ணும் எந்த அறிவுரையையும் விட அதிக தைரியம் தரும்.

இத்தனையும் மாணவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல. நிறுவனங்கள் குடும்பத்தைப் பற்றிய கேள்வியை விட்டுவிட்டு, எல்லாரிடமும் வேலை தொடர்பான ஒரே கேள்விகளைக் கேட்கலாம். கல்லூரிகள் பிளேஸ்மென்ட் பிரிவை இறுதியாண்டுக்கான அலுவலகமாக வைத்திராமல், முதலாண்டிலிருந்தே திறந்துவைக்கலாம். எல்லாவற்றையும் விடச் செலவில்லாதது சீனியர்களின் கையில் இருக்கிறது. இந்த ஆண்டு வேலைக்குச் சேர்பவர், தேர்வில் என்ன கேட்டார்கள், நேர்காணல் எத்தனை சுற்று, எந்த மாதம் ஆளெடுக்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதித் துறையில் கொடுத்துவிட்டுப் போகலாம். பத்து ஆண்டுகள் விடாமல் செய்தால், சிபாரிசே இல்லை என்று சொன்ன வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கோப்பும் அதை எழுதியவர்களும் போதுமான பக்கபலம் ஆகிவிடுவார்கள்.