முட்டைக்குள் ஒரு புதிர்!



அம்மா முட்டை வேக வைக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? உடைத்து ஊற்றினால் வழவழவென்று ஓடுகிற வெள்ளைக்கரு, கொதிக்கிற தண்ணீரில் சற்று நேரம் கிடந்ததும் வெள்ளை வெளேரென்று கெட்டியாகி விடுகிறது. சரி, அதை ஆற வைத்தால் மறுபடியும் பழையபடி ஆகுமா? பிரிஜ்ஜில் வைத்தாலும் ஆகாது! தண்ணீர் ஐஸ்கட்டியாகிறது; ஐஸ்கட்டி மறுபடி தண்ணீராகிறது. முட்டை மட்டும் ஏன் திரும்பி வர மறுக்கிறது?

இந்தச் சின்னக் கேள்விக்குள் ஒரு பெரிய புதிர் ஒளிந்திருக்கிறது. விஞ்ஞானிகளை 50 ஆண்டுகளுக்கு மேல் தவிக்க வைத்த புதிர் அது. அதன் பெரும் பகுதியை விடுவிக்க உதவியது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். 2024ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி இதற்குத்தான் கிடைத்தது. அந்தக் கதையைப் பார்ப்போமா?

மடிந்து கிடக்கும் மணிமாலை!

முட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பது தண்ணீரும் புரதமும்தான். புரதம் என்றதும் பருப்பும் பாலும்தானே நினைவுக்கு வருகிறது? உங்கள் தலைமுடி புரதம். நகம் புரதம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது புரதம். தின்ற இட்லியைச் செரிக்க வைப்பதும் புரதம்தான்!

ஒவ்வொரு புரதமும் ஒரு மணிமாலை போன்றது. அமினோ அமிலம் என்ற மணிகளை வரிசையாகக் கோத்தால் புரதம். மணிகளில் மொத்தம் 20 வகை. சில புரதங்களில் நூறு மணிகள் இருக்கும். சிலவற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

கோத்து முடித்ததும் இந்த மாலை சும்மா நீட்டி நிமிர்ந்து கிடக்காது. சில மணிகளுக்குத் தண்ணீர் பிடிக்காது. அவை உள்ளே போய் ஒளிந்து கொள்ளும். சில மணிகள் காந்தம் போல ஒன்றையொன்று இழுக்கும். சில ஒன்றையொன்று விரட்டும். இப்படி இழுபறி நடந்து, கண்மூடித் திறப்பதற்குள் அந்த மாலை சுருண்டு மடிந்து ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வந்துவிடும்.

முட்டையைச் சூடாக்கும்போது அந்த மடிப்புகள் பிரிந்து விடுகின்றன. பிரிந்த மாலைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கொள்கின்றன. நூல்கண்டைப் பூனை கலைத்துப் போட்ட மாதிரி! அதனால்தான் வெந்த முட்டை திரும்புவதில்லை.

ஒரே ஒரு மணி மாறினால்...

"எப்படி மடிந்தால் என்ன?" என்று கேட்கிறீர்களா? பூட்டுக்குச் சாவி எப்படியோ, புரதத்துக்கு வடிவம் அப்படி. வடிவம் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கும்.

நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை எடுத்துக் கொள்ளுங்கள். நான்கு மாலைகள் சேர்ந்தது அது. மொத்தம் 574 மணிகள். நான்கில் இரண்டு மாலைகள் ஒரே வகை. அந்த வகை மாலையில் 6வது மணி மட்டும் மாறிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பி போல ஆகிவிடும். வட்டமாக இருக்க வேண்டிய ரத்தச் சிவப்பணு, அரிவாள் போல வளைந்து போகும். வளைந்த அணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களை அடைத்துக் கொள்ளும். தாங்க முடியாத வலி வரும். இதற்குப் பெயர் அரிவாள் செல் சோகை. உலகில் பல லட்சம் குழந்தைகள் இந்த நோயோடு பிறக்கிறார்கள். நம் நீலகிரி மலைவாழ் மக்களிலும் சிலருக்கு இது உண்டு.

புரதத்தின் வடிவம் தெரிந்தால், நோய் எங்கே தொடங்குகிறது என்று புரியும். மருந்து எங்கே பொருந்தும் என்றும் தெரியும். ஆனால், அந்த வடிவத்தைப் பார்ப்பதுதான் படுகஷ்டம்!

22 ஆண்டுப் பொறுமை!

புரதம் சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. அதனால் விஞ்ஞானிகள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். முதலில் புரதத்தைக் கற்கண்டு போலப் படிகமாக்குவார்கள். அதன் மேல் எக்ஸ்ரே கதிரைச் செலுத்துவார்கள். கதிர் சிதறிப் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெரூட்ஸ் என்பவர் 1937ல் ஹீமோகுளோபினை ஆராயத் தொடங்கினார். விடை கிடைத்தது 1959ல். 22 ஆண்டுகள்! அதற்கு ஓராண்டு முன்னால், அவருடைய சக விஞ்ஞானி ஜான் கெண்ட்ரூ, மயோகுளோபின் என்ற சிறிய புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்திருந்தார். இருவருக்கும் 1962ல் நோபல் பரிசு கிடைத்தது.

சென்னையின் பங்கு!

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பெரிய இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். தோலுக்கும் எலும்புக்கும் வலு தருகிற கொலாஜன் என்ற புரதம், மூன்று கால் எடுத்துப் பின்னிய சடை போல, மூன்று இழைகள் முறுக்கிக் கொண்டது என்று 1950களில் அவரும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னார்கள்.

1963ல் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து ராமச்சந்திரன் இன்னொரு காரியம் செய்தார். உங்கள் முழங்கையை மடக்கிப் பாருங்கள். முன்பக்கம் மடங்கும், பின்பக்கம் மடங்காது. அதேபோல, புரத மாலை எந்தக் கோணத்தில் எல்லாம் திரும்பலாம், எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் முட்டிக் கொள்ளும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் போட்டார்கள். 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று அதற்குப் பெயர். ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தால் அது சரிதானா என்று சோதிக்க, இன்றும் உலகமெங்கும் இந்த வரைபடத்தைத்தான் எடுக்கிறார்கள்!

300 பூஜ்யங்கள்!

1972ல் நோபல் பரிசு பெற்ற கிறிஸ்டியன் அன்ஃபின்சன் ஒரு முக்கியமான விஷயம் சொன்னார். மணிகளின் வரிசைதான் புரதத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்றார். அப்படியானால் வரிசையைப் பார்த்தே வடிவத்தைச் சொல்லிவிடலாமே! படிகமும் வேண்டாம், எக்ஸ்ரேயும் வேண்டாம்.

சொல்வது சுலபம். சைரஸ் லெவிந்தால் என்ற விஞ்ஞானி 1969லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். ஒரு புரதம் மடியக்கூடிய வழிகள், 1 போட்டுப் பக்கத்தில் 300 பூஜ்யங்கள் போட்டால் வருகிற அளவுக்கு இருக்கும்! ஒவ்வொன்றாக முயன்று பார்த்தால், பிரபஞ்சத்தின் 1,380 கோடி ஆண்டு வயதும் போதாது. ஆனால், நம் உடம்பிலுள்ள பல புரதங்கள் ஒரு நொடிக்குள் சரியாக மடிந்து விடுகின்றன. எப்படி?

விஞ்ஞானிகளுக்கு ஒரு பரீட்சை!

1994ல் இதற்காக ஒரு போட்டி தொடங்கினார்கள். பெயர் 'காஸ்ப்'. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும். மணிகளின் வரிசையை மட்டும் கொடுப்பார்கள். வடிவத்தைக் கம்ப்யூட்டர் மூலம் சொல்ல வேண்டும். சரியான விடை ஆய்வுக்கூடத்தில் இருக்கும். ஆனால் யாருக்கும் காட்ட மாட்டார்கள். நம்ம பரீட்சை மாதிரியேதான்! 2016 வரை, கடினமான கேள்விகளில் முதலிடம் பிடித்த குழுவே நூற்றுக்கு 40 பக்கம்தான் எடுத்தது.

இதற்கு நடுவே ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கர் குழுவினர் 2008ல் 'ஃபோல்டிட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டனர். புரதத்தை இழுத்து, மடித்து, நல்ல வடிவத்துக்குக் கொண்டு வந்தால் பாயின்ட்! குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் வைரஸின் ஒரு புரதம், பத்து ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகளுக்குப் பிடிபடவில்லை. விளையாடியவர்கள் மூன்றே வாரங்களில் வழி காட்டி விட்டார்கள். 2011ல் இது உலகத்துக்குத் தெரிந்தது.

செஸ் சிறுவனின் பாய்ச்சல்!

லண்டனில் டெமிஸ் ஹசாபிஸ் என்ற சிறுவன் நான்கு வயதில் செஸ் ஆடத் தொடங்கினான். 13 வயதில் மாஸ்டர் தரத்தை எட்டினான். பெரியவரானதும் 2010ல் நண்பர்களுடன் சேர்ந்து 'டீப்மைண்ட்' என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தைத் தொடங்கினார். 2014ல் கூகுள் அதை வாங்கியது. 2016ல் இவர்களுடைய புரோகிராம், 'கோ' என்ற பழைய பலகை விளையாட்டில் தென் கொரிய வீரர் லீ செடாலை 4-1 என்று தோற்கடித்தது.

அடுத்து அவர்கள் கை வைத்தது புரதத்தில்.  'ஆல்ஃபாஃபோல்டு' என்ற அவர்களுடைய புரோகிராம் 2018 போட்டியில் அதே கடினமான கேள்விகளில் 60 பக்கம் மதிப்பெண் வாங்கியது. பிறகு ஜான் ஜம்பர் தலைமையில் உழைத்து, 2020ல் 87! விஞ்ஞானிகள் அசந்து போனார்கள்.

எப்படிச் சாதித்தது? மனிதர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்த சுமார் 1,70,000 புரத வடிவங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. அதோடு ஒரு தந்திரமும் உண்டு. வகுப்பில் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் இருப்பவன் கை காலைப் பரப்பி உட்கார்ந்தால், நீங்கள் கொஞ்சம் ஒடுங்கிக் கொள்வீர்கள் இல்லையா? மனிதன், எலி, மீன் என்று பல உயிர்களில் ஒரே வேலையைச் செய்யும் புரதங்களை ஒப்பிட்டால், ஒரு மணி மாறும்போதெல்லாம் தூரத்தில் உள்ள இன்னொரு மணியும் சேர்ந்தே மாறியிருக்கும். அப்படியானால், மடிந்த நிலையில் அவை இரண்டும் 'பக்கத்து பெஞ்ச்காரர்கள்' என்று அது புரிந்து கொள்கிறது!

2022ல் 20 கோடிக்கும் அதிகமான புரதங்களின் வடிவங்களை இலவசமாக வெளியிட்டார்கள். 2024 வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி டேவிட் பேக்கருக்கு; மறு பாதி ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும்.

பாம்பு விஷத்துக்கு ஒரு சாவி!

பேக்கர் செய்தது தலைகீழ் வேலை. "எனக்கு இந்த வடிவம் வேண்டும். எந்த வரிசையில் மணிகளைக் கோக்க வேண்டும்?" என்று கேட்டார். இயற்கையில் இல்லாத புதிய புரதத்தை 2003லேயே அவருடைய குழு உருவாக்கி விட்டது. இப்படி வடிவமைத்த புரதத்தைக் கொண்டு செய்த கொரோனா தடுப்பூசிக்கு 2022ல் தென் கொரியா அனுமதி தந்தது.

பாம்புக்கடிக்கு மருந்து எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? சிறிது சிறிதாகப் பாம்பு விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளை எடுக்கிறார்கள். அதற்கான விஷத்தைச் சேகரித்துத் தருபவர்களில் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினரும் உண்டு. இந்த மருந்து பல உயிர்களைக் காப்பாற்றுகிறது. ஆனால், சிலருக்கு ஒவ்வாமை வரும்.

பேக்கர் குழுவும் டென்மார்க் விஞ்ஞானிகளும் 2025 ஜனவரியில் ஒரு செய்தி சொன்னார்கள். நாகப்பாம்பு வகைகளின் விஷத்தில் உள்ள சில நச்சுகளைக் கவ்விப் பிடிக்கும் புரதங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்து, எலிகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள்! கவனியுங்கள், எலிகளை மட்டும்தான். மனிதர்களுக்குப் பாதுகாப்பானதா என்று இன்னும் பல சோதனைகள் செய்ய வேண்டும்.

'தெரியாது' என்று சொல்லும் கம்ப்யூட்டர்!

ஆல்ஃபாஃபோல்டிடம் ஒரு நல்ல குணம் உண்டு. விடையில் உறுதியாக இருக்கும் பகுதிக்கு நீல நிறம் தீட்டும். சந்தேகமான பகுதிக்கு மஞ்சளும் ஆரஞ்சும். 'இங்கே எனக்குச் சரியாகத் தெரியாது' என்று ஒப்புக்கொள்கிறது! நீலம் தீட்டிய இடமும் சில நேரம் தவறாகப் போகும். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் சரி பார்க்கும் விஞ்ஞானிகள் இன்றும் தேவை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1971ல் உலகப் புரத வங்கியைத் தொடங்கியபோது அதில் இருந்தவை ஏழே ஏழு வடிவங்கள்! பெரூட்ஸ் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து, கண்டுபிடித்ததை ஒளிக்காமல் அந்த வங்கியில் சேர்த்துக் கொண்டே வந்தார்கள். அந்த நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எதைப் படித்திருக்கும்?

செய்து பாருங்கள்!

வளைகிற மெல்லிய கம்பி ஒன்றில் சிவப்பு, நீல மணிகள் இருபதைக் கலந்து கோத்துக் கொள்ளுங்கள். ஒரே விதி: சிவப்பு மணிகள் உள்ளே ஒளிய வேண்டும், நீலம் வெளியே தெரிய வேண்டும். கம்பியை மடித்து முடித்ததும் வடிவத்தை ஒரு தாளில் வரைந்து கொள்ளுங்கள். பிறகு நடுவில் உள்ள ஒரு நீல மணியை எடுத்துவிட்டுச் சிவப்பு மணி கோத்து, மறுபடியும் மடியுங்கள். வடிவம் எப்படி மாறுகிறது பாருங்கள். ஒரு மணிக்கு எவ்வளவு பவர் என்று புரியும்!

கடைசியாக ஒரு ரகசியம் குட்டீஸ். மடிந்து முடிந்த வடிவத்தைத்தான் ஆல்ஃபாஃபோல்டு சொல்கிறது. அந்த ஒரு நொடிக்குள் மாலை எந்த மணியில் தொடங்கி, எந்த வழியாக மடிகிறது என்று அது சொல்வதில்லை. புதிரின் அந்தப் பாதி இன்னும் முழுசாக விடுபடவில்லை. அடுத்த முறை முட்டையை உரிக்கும்போது அதை யோசித்துப் பாருங்கள். யார் கண்டது, விடையைக் கண்டுபிடிக்கப் போவது நீங்களாகவும் இருக்கலாம்!