அப்பு ஆரோடை சண்டை பிடிக்கிறார்?

எங்கள் வீட்டு முற்றம் செம்மண் முற்றம். விடியப்புறம் அம்மம்மா கூட்டிவிட்டுப் போனால் விளக்குமாற்றுக் கோடுகளைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது. அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் முற்றத்தில் அப்புவின் காலடிகள். கண்டபடி மிதித்த அடிகள் என்று நினைக்காதீர்கள். ஒரு முக்கோணம், அதன் மேலேயே இன்னொரு முக்கோணம். நூறு தரம் மிதித்தாலும் அதே மூன்று இடங்கள்தான்.

அப்பு சிலம்படிக்காரர். ஐந்தடிப் பொல்லை எடுத்துக்கொண்டு வேலியோரப் பனையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். பிறகு சுழற்றுவார், குனிவார், பாய்வார், திரும்புவார். எதிரில் ஒரு பூனைகூட இருக்காது.

"அப்பு, ஆரோடை சண்டை பிடிக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு அப்போது ஆறு வயது.

"அவன் இன்னும் வரேல்லை" என்றார்.

அதே நேரம் விறாந்தையில் அக்கா பரதநாட்டியம் பழகிக்கொண்டிருப்பாள். அவளுக்கு முன்னாலும் ஒருவரும் இல்லை. வாயால் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டு தட்டடவு போடுவாள். அவளுடைய டீச்சர் வகுப்பில் ஓயாமல் சொல்வது, "இருந்து ஆடுங்கோ!" அப்பு என் கையில் பொல்லைத் தந்த முதல் நாள் சொன்னது, "இரடா, இன்னும் இர." கதிரை இல்லாத இடத்தில் ஏன் இரண்டு பேரும் இருக்கச் சொல்கிறார்கள்?

இதை வாசிப்பதை விட்டுவிட்டு ஒருக்கால் எழும்புங்கள். முழங்காலை மடக்காமல் நேராக நின்றபடி மேலே பாயுங்கள் பார்ப்போம். பாதம் உன்ன, கொஞ்சம்தான் எழும்புவீர்கள். பாய வேண்டுமென்றால் முதலில் கால் மடங்க வேண்டும், பிறகுதான் நிலத்தை உதைக்க முடியும். ஆடுபவரும் அடிபடுபவரும் இந்த மடக்கும் வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டு நிற்கிறார்கள். அமுக்கி வைத்த சுருளி மாதிரி.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் உடம்பின் பாரம் முழுவதும் ஒரே புள்ளியில் நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம். அதுதான் புவியீர்ப்பு மையம். நேராக நிற்கும்போது அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, வயிற்றுக்குள் இருக்கும். மேசன் பிடிக்கும் தூக்குக்குண்டைப் போல அந்தப் புள்ளியிலிருந்து ஒரு நூல் தொங்குகிறது என்று வையுங்கள். நூல் உங்கள் பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட நிலமும் சேர்ந்த பரப்புக்குள் இருக்கும்வரை நீங்கள் விழமாட்டீர்கள். முழங்காலை மடக்கினால் புள்ளி பதிகிறது. பதிந்ததைத் தள்ளி விழுத்துவது கடினம்.

ஆனால் இரண்டு இருப்பும் ஒன்றல்ல. அக்காவின் இருப்பான அரைமண்டியில் பாதங்கள் இடமும் வலமும் பார்க்கின்றன, உடம்பு நேரே சபையைப் பார்க்கிறது. பக்கவாட்டில் தள்ளினால் அவள் அசையமாட்டாள். முன்னாலிருந்து தள்ளினால்? நான் தள்ளிப் பார்த்தேன். அக்கா விழுந்தாள், எனக்கு அடி விழுந்தது. அப்பு ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, உடம்பைச் சரித்து நிற்பார். முன்னாலிருந்து தள்ள முடியாது. எதிரிக்குத் தெரிவதும் பாதி உடம்புதான். அக்கா சபைக்கு முழுதாகத் தெரிய வேண்டும், அப்பு எதிரிக்குத் தெரியக் கூடாது.

இனிப் பொல்லுக்கு வருவோம். ஐந்தடி என்றால் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். நடுவில் பிடித்து ஒரு செக்கனுக்கு இரண்டு சுற்றுச் சுற்றினால், நுனி ஒரு சுற்றில் 4.7 மீற்றர் போகும். ஒரு செக்கனில் 9.4 மீற்றர். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 34 கிலோமீற்றர்! பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது என்று நீங்கள் சைக்கிளை உன்னி மிதித்தாலும் அந்த வேகம் வராது. ஆனால் அப்புவின் கை இருக்கும் நடுப்பகுதியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. மெதுவான இடம் அவருக்கு, வேகமான இடம் மற்றவனுக்கு. பொல்லை ஆயுதமாக்கியவன் கெட்டிக்காரன்தான்.

கண்ணால் ஒன்றைக் கண்டு கையை அசைக்கத் தொடங்க, மனிதருக்கு ஒரு செக்கனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். அதற்குள் பொல்லு நுனி 1.9 மீற்றர் ஓடிவிடும். 'வருகுது' என்று கண்டபிறகு தடுக்கப் போனால் தலை வீங்கிய பின்தான் கை எழும்பும். ஆகவே நுனியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. எதிரியின் தோளையும் காலையும் பார்த்து, அடி கிளம்புமுன்பே ஊகிக்க வேண்டும். தடுக்கும் அசைவு யோசிக்காமலே வரவேண்டும். அந்த விடியப்புற முக்கோணங்கள் இதற்காகத்தான்.

யோசிக்காமல் வரும் அசைவைப் பழக்குவதில் மூளையின் ஒரு பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் பிடரிக்குச் சற்று மேலே, மண்டையோட்டுக்குள் இருக்கும் அதற்கு மூளி என்று பெயர். விஞ்ஞானப் புத்தகப் படத்தில் பூக்கோவா மாதிரித் தெரியுமே, அதுதான். மூளையின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் அது. ஆனால் மூளையிலுள்ள நரம்புக்கலங்களில் பாதிக்கு மேல் அதற்குள்தான் இருக்கின்றன. கை இப்படிப் போனால் அடுத்து உடம்பு எங்கே இருக்கும் என்று மூளி முன்கூட்டியே ஊகிக்கும். நடந்ததை ஊகத்தோடு ஒப்பிட்டு, பிழைத்திருந்தால் அடுத்த தரம் திருத்தும். சைக்கிள் பழகியபோது நீங்கள் விழுந்த விழுகையெல்லாம் அதன் கணக்குக் கொப்பியில் இருக்கிறது. தனியே ஆடும்போது அடிவிழும் பயமில்லை, அவசரமில்லை. திருத்தும் வேலை நிம்மதியாக நடக்கும். தமிழ்நாட்டுச் சிலம்பத்தில் இப்படித் தனியே ஆடுவதற்கு 'வீடு கட்டுதல்' என்று பெயர். மூளிக்குள்ளும் ஒரு கட்டட வேலை நடப்பதால் எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடிக்கும்.

பழகிய ஆட்டம் மூளையில் பதிந்திருப்பதைக் காட்டும் ஆய்வு ஒன்று லண்டனில் நடந்து 2005இல் வெளிவந்தது. பாலே நடனக்காரரையும் கப்போய்ரா ஆடுபவரையும் மூளையைப் படம்பிடிக்கும் பொறிக்குள் படுக்க வைத்து இரண்டு ஆட்டங்களின் வீடியோக்களையும் காட்டினார்கள். படுத்திருந்தவர்கள் காலைக்கூட அசைக்கவில்லை. ஆனாலும் தாங்கள் பழகிய ஆட்டத்தைப் பார்க்கும்போது அவர்களுடைய மூளையில் அசைவுக்குரிய பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. கூத்துப் பார்க்கும்போது பழைய கூத்தாடிகளின் கால் பாயிலேயே துடிப்பதைக் கண்டிருக்கிறீர்களா? எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

கப்போய்ரா என்றால் என்ன என்று சொல்லவில்லையே. பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆபிரிக்கர்களிடம் வளர்ந்த கலை அது. பாதி சண்டை, பாதி ஆட்டம். எல்லாரும் வட்டமாக நின்று பாட்டுப் பாடிக் கை தட்ட, நடுவில் இரண்டு பேர் காலைச் சுழற்றி வீசுவார்கள். 2014இல் யுனெஸ்கோ அந்த வட்டத்தையே மனித குலத்தின் மரபுச் சொத்துகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. நமக்கு அந்த வட்டம் புதிதல்ல. வட்டுக்கோட்டைப் பக்கத்து வடமோடிக் கூத்தில் ராசாக்கள் போருக்குப் போகும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மத்தளம் விரைய விரைய, வாளோடு சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். கூத்து ஆடும் இடத்துக்குக் களரி என்று பெயர். கேரளத்தில் சண்டை பழகும் கூடத்துக்கும் அதே பெயர்தான். நாமோ ஆட்டம் என்ற ஒரே சொல்லை நடனத்துக்கும் விளையாட்டுக்கும் வைத்திருக்கிறோம். சிலம்பாட்டம் இதில் எந்தப் பக்கம்? ஆட்டத்தையும் சண்டையையும் சேர்த்தே பார்த்தவர்களும் உண்டு. சென்னையில் சந்திரலேகா என்ற நடனக் கலைஞர் 1985இல் 'அங்கிகா' என்ற படைப்பில் பரதநாட்டியத்தையும் கேரளச் சண்டைக் கலையான களரிப்பயிற்றையும் ஒரே மேடையில் ஏற்றினார்.

அப்படியானால் நன்றாக ஆடத் தெரிந்தவர் நன்றாகச் சண்டை பிடிப்பாரா? மாட்டார் என்பதுதான் என் எண்ணம். ஆட்டத்தில் அடுத்த அடி எங்கே விழும் என்பது தாளத்தில் முன்பே எழுதியிருக்கிறது. கூத்தில் இரண்டு வாள்கள் மோதினாலும் ஒருவருக்கும் காயம் வராததற்குக் காரணம் அதுதான். கோலாட்டத்தில் ஒருவர் அரைத் தாளம் பிந்தினால் பக்கத்தில் நிற்பவரின் விரல் முட்டியில் அடி விழும். சண்டைக்காரனோ வேண்டுமென்றே பிந்துவான். ஒன்று, இரண்டு என்று அடித்து, மூன்றை ஒளித்து வைத்திருப்பான். ஒருமுறை அப்பு அக்காவிடம் ஒரு பொல்லைக் கொடுத்து எதிரே நிற்கச் சொன்னார். நாலு அடியை அழகாகத் தடுத்தாள், தாளம் பிசகாமல். ஐந்தாவதுக்கு அப்பு கொஞ்சம் நின்றார். அக்காவின் பொல்லு முன்கூட்டியே போய்க் காற்றைத் தடுத்தது. அப்புவின் நுனி மெல்ல வந்து அவள் தோளைத் தொட்டது.

"இவன்தான் வராமல் இருந்தவன்" என்றார் அப்பு.

பொல்லு வீசிப் பழகுவதற்கு வெட்டை வெளியும் பெரியவர் ஒருவரும் வேண்டும். வீட்டுக்குள் செய்ய வேறொன்று சொல்கிறேன். நீளக் கைபிடி உள்ள தும்புத்தடியை எடுங்கள். தும்பு மேலே இருக்க, தடியின் நுனியை உள்ளங்கையில் நிறுத்துங்கள். கண் தும்பைப் பார்க்கட்டும். பிறகு தலைகீழாக்கி, தும்பு கையில் இருக்க நிறுத்திப் பாருங்கள். முதலாவது இலேசு, இரண்டாவது பெரும்பாடு. பாரம் கையிலிருந்து தூரத்தில் இருந்தால் தடி மெதுவாகச் சரியும், அதற்குள் உங்கள் மூளிக்குத் திருத்த நேரம் கிடைக்கும். கழைக்கூத்தாடி நீளமான மூங்கிலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கயிற்றில் நடப்பதிலும் இதே கணக்குத்தான்.

எத்தனை செக்கன் நிறுத்தினீர்கள் என்று கொப்பியில் எழுதி, ஒரு கிழமை தினமும் செய்து பாருங்கள். அம்மா வீடு கூட்ட வருவதற்கு முன் தும்புத்தடியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.