பளபளக்கும் சக்கரத்தின் மறுபக்கம்

புதுக் கார் வாங்கியவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? நடைபாதைக் கல்லில் சக்கரம் லேசாக உரசிவிட்டால் போதும். அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதே மனிதர், மழைத் தண்ணீர் மூடிய பள்ளத்தில் காரைத் 'தடா'லென்று இறக்கி ஏற்றிவிட்டு, சக்கரத்தை வெளியே நின்று ஒரு பார்வை பார்த்து, "ஒன்றும் ஆகவில்லை" என்று நிம்மதியாகப் போய்விடுவார். உண்மையில் கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவது அடிக்குத்தான்!

'அலாய் வீல்' என்பது பெரும்பாலும் அலுமினியத்தோடு 100-க்கு ஏறக்குறைய 7 பங்கு சிலிக்கனும், துளி மெக்னீஷியமும் சேர்த்து உருக்கி வார்த்த சக்கரம். பிரான்சு தேசத்துப் புகாட்டி கம்பெனியார் 1924-லேயே தங்கள் 'டைப் 35' பந்தயக் காருக்கு அலுமினிய வார்ப்புச் சக்கரம் பூட்டிவிட்டார்கள். இன்று வார்த்த சக்கரத்தைச் சூளையில் காய்ச்சி, சட்டென்று குளிர வைத்து, மறுபடியும் இளஞ்சூட்டில் பதப்படுத்துகிறார்கள். பலமெல்லாம் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. இரும்புச் சக்கரம் அடிபட்டால் நெளியும். வார்ப்பு அலுமினியம் கொஞ்சம்தான் நெளியும்; அதற்கு மேல் போனால் விரிசல் விட்டுவிடும்.

அந்த விரிசல் நம் கண்ணில் படுகிற இடத்திலா வருகிறது? பெரும்பாலும் காரின் அடிப்பக்கம் நோக்கிய உள் விளிம்பில் வருகிறது. அழகான ஆரங்கள் வெளிப்பக்கம் இருக்கின்றன. உள் விளிம்புக்கு அந்த முட்டு இல்லை. போதாக்குறைக்கு, அழகுக்காக மெல்லிய டயர் வேறு போட்டுக்கொள்கிறோம். பள்ளத்தின் அடியைத் தாங்க ரப்பர் மெத்தை ஏது?

அடையாளங்கள் உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். ஆணி எதுவும் குத்தாமலே ஒரு டயர் மட்டும் வாரா வாரம் காற்றுக் கேட்கும். டயரின் பக்கவாட்டில் கொழுக்கட்டைபோல் புடைப்புக் கிளம்பும். சந்தேகம் வந்தால், சக்கரத்தைக் கழற்றி உள் விளிம்பைத் துடைத்துச் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். காற்றுக் கசிந்தால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். கடற்கரையோரம் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றாலும் இந்தக் கசிவு வரலாம். டயர் உட்காரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதுபோல் இதற்கும் எடுக்கலாமா என்பீர்கள். லேசான கோட்டமானால், அளவு பார்த்து அழுத்தி நேராக்கும் இயந்திரம் உள்ள பட்டறையில் கொடுக்கலாம். காஸ் விளக்கால் பழுக்கக் காய்ச்சிச் சுத்தியலால் தட்டுகிறவரிடம் வேண்டாம். சூளையில் ஏற்றிய பதத்தை அந்த நெருப்பு இறக்கிவிடும். விரிசலை 'வெல்டிங்' வைத்து மறைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். பார்வைக்குப் புதிதுபோல்தான் இருக்கும். அந்தச் சக்கரத்தை நம்பி, பின் ஸீட்டில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் திருச்சி ரோட்டில் போக எனக்கு மனம் துணியாது. விரிசல் விட்டதற்குப் புதுச் சக்கரம்தான் வைத்தியம்.

அதுவரை ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டலாம். ஆனால் பல கார்களில் அது அளவில் சிறியது. எந்த வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். அதில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?